நான் தேய்த்து அழித்த நீலம்

ஒரு மாணவியின் மேல் பொய்ப் பழி போட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சியையும் என் கையாலேயே அழித்தேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டிருந்த காலம். இளநிலைப் பொறியியல் மாணவர்கள் விடுமுறையில் வந்து ஆராய்ச்சி பழகுவார்கள். அந்த ஆண்டு வந்தவள் பெரிய முதலியார்சாவடிப் பெண். நானும் அதே கடற்கரையில் மரக்காணத்துக்காரன். அவள் அத்தா என்று அழைக்கும் அப்பா கோட்டக்குப்பத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார்.

"உப்புக்காத்துல கதவுக் கீல் ஒரு வருஷம் தாங்காது சார். எங்க கடையே அதுலதான் ஓடுது. டைட்டானியத்துல கீல் வந்துட்டா அத்தா கடையை மூடிட வேண்டியதுதான்" என்று முதல் நாளே சிரித்தாள்.

எஃகுத் தகட்டின் மேல் டைட்டானியக் கலவைப் பொடியை லேசரால் உருக்கி, உப்புநீர் அரிக்காத பூச்சாகப் படியவைப்பது அவளுடைய வேலை. சூடான டைட்டானியத்துக்குக் காற்று ஆகாது. அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய மூடிய பெட்டிக்குள் செய்வோம். காற்று புகுந்தால் பூச்சின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளிபோல் இருந்தால் நல்லது. வைக்கோல் நிறம் என்றால் லேசான கசிவு. நீலம் என்றால் பூச்சு கெட்டுவிட்டது, விரிசல் விடும்.

பெட்டிக் கதவின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்ததை அவள்தான் கவனித்தாள். "மாத்திடலாமா சார்?" என்று கேட்டாள். ஆய்வுக்கு உதவி செய்த நிறுவனத்தார் பார்வையிட வர இருந்தார்கள். வேலையை நிறுத்த எனக்கு மனமில்லை.

"அதெல்லாம் தாங்கும்மா. நீ ஓட்டு."

அவர்கள் வந்த அன்று காலை அவள் பூச்சைப் படியவைத்துவிட்டு, பெட்டி ஆறட்டும் என்று சாப்பிடப் போனாள். நான் திறந்து பார்த்தேன். தகடு முழுக்க நீலம். கம்பி பிரஷை எடுத்தேன். ஒவ்வொரு அடுக்கையும் பிரஷால் தேய்ப்பது எங்கள் வழக்கம்தான், ஆனால் நிறத்தைக் குறித்துக்கொண்ட பிறகுதான் தேய்ப்போம். நான் குறிக்கவில்லை. வெள்ளிபோல் ஆகும்வரை தேய்த்தேன்.

வந்தவர்கள் தகட்டை வெட்டச் சொல்லி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே எங்கும் விரிசல். காரணம் கேட்டார்கள்.

"பொடியைச் சரியாகக் காயவைக்கவில்லை" என்றேன். காயவைப்பது அவள் பொறுப்பு.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். "காயவெச்சேன் சார்" என்றாள். கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "காயவெச்ச மாதிரிதான் ஞாபகம்."

மேற்படிப்புக்கு அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த துறை அதோடு கைவிட்டது. நான் வாய் திறக்கவில்லை.

ஓய்வு பெற்று மரக்காணத்துக்கே திரும்பினேன். வீட்டின் பின்னால் உப்பளம். சாயங்காலம் பாத்திகளில் நிற்கும் நீர் முதலில் வைக்கோல் நிறமாகும், அப்புறம் நீலமாகும். ஜன்னலைச் சாத்திவிடுவேன். அப்போதும் அவளுடைய 'காயவெச்ச மாதிரிதான் ஞாபகம்' கேட்கும். அவள் பொய் சொல்லவில்லை. தன் கை செய்ததைத் தானே சந்தேகப்பட்டாள். அப்படிச் சந்தேகப்பட வைத்தவன் நான்.

போன வருடம் அந்தத் துறைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதிவைத் திருத்துவதாகவும், அவள் விண்ணப்பித்தால் பரிசீலிப்பதாகவும் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பம் போனேன். கடைக் கல்லாவில் அவளே உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பதிலைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேணாம் சார். பின்னாடி அத்தா இருக்காங்க. எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன். பெரியவர் டீ வரவழைத்திருந்தார். நான் முடித்த பிறகு மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏர்போர்ட்டுல வெச்சே இவளைத் திட்டினேன் சார். அவ்ளோ தூரம் அனுப்பி வெச்சா, ஒரு பொடியைக் காயவைக்கத் தெரியலையான்னு. நேத்துகூட ஒரு பில்லு தப்பாப் போட்டதுக்கு அதையே சொல்லிக் காட்டினேன். அதை நான் எங்க போய் மாத்துறது?"

அவள்தான் பேசினாள்.

"விடுங்க அத்தா. சாருக்கு டீ ஆறிடுச்சு. வேற சொல்லவா?"

வேண்டாம் என்று ஆறிய டீயையே குடித்தேன். குடித்து முடிக்கும்வரை இருவரும் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள்.