ரிவர்ஸ் அக்கா

ஆல்ட் விசையை இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வலது கை நடுவிரலால் மேலம்புக்குறியைத் தட்டுகிறார் அக்கா. ஓடிக்கொண்டிருந்த பச்சை எழுத்துகள் சட்டென்று நிற்கின்றன. இன்னொரு தட்டு. திரைக்கு மேலே ஏறி மறைந்துபோன வரி ஒன்று கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வருகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து அதைப் படிக்கிறார்.

"பாருங்க. நீங்க சொன்னது எட்டுப் பெட்டி. நான் அடிச்சதும் எட்டு. இப்ப வந்து ஒன்பதுங்கிறீங்க."

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் வியாபாரி அசடு வழிகிறார். "சரிம்மா, மறந்துட்டேன். ஒண்ணு கூட்டிக்கோங்க."

"கூட்டிக்கிறேன். தப்பு யாரோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா கூட்டிக்கிறேன்."

வியாபாரி சொல்கிறார். அதற்குப் பிறகுதான் ஒன்பதாவது பெட்டி கணக்கில் ஏறுகிறது.

அது ஒரு பார்சல் லாரி நிறுவனத்தின் அலுவலகம். ஒரு பக்கம் பொதுமக்களுக்கான கவுண்டர். மறுபக்கம் கம்பி போட்ட ஜன்னல். அதற்கு அப்பால் லாரிகள் நிற்கும் முற்றம், எண்ணெய்க் கறை, டயர் அடுக்குகள், பீடிப் புகை. நடுவில் இருப்பது கம்ப்யூட்டர் அறை. குளிர்சாதனம் கம்ப்யூட்டருக்காக வந்தது. அதன் காற்று தன்மேல் படுவதால் அக்கா வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். அறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி படக்கூடாதாம். நியாயம். ஆனால் உள்ளே வந்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அது எந்தத் தூசிக்குப் பயந்து என்று, புத்தகக் கட்டுகள் அனுப்ப அடிக்கடி அங்கே போகும் எனக்கு இதுவரை விளங்கவில்லை.

ரிவர்ஸ் அக்கா என்ற பெயரை வைத்தவர்கள் ஓட்டுநர்கள். முன்னால் போகிற எதையும் பின்னால் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் வந்த பெயர். அவருக்கும் அது தெரியும். "முன்னால பார்த்து ஓட்டறவங்கதான் தினம் இடிச்சுட்டு வர்றாங்க" என்பது அவருடைய பதில்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. கம்ப்யூட்டரின் திரையில் இருபத்தைந்து வரிகள்தான் தெரியும். இருபத்தாறாவது வரி வந்தால் முதல் வரி மேலே போய்விடும். எங்கே போகும்? எங்கேயும் போகாது, ஒழிந்துபோகும். முன்பு ஒருநாள், ஊர்ப் பெயர் பொருந்தவில்லை என்று இயந்திரம் ஒரு எச்சரிக்கை போட்டது. அக்கா கண்ணைத் திருப்புவதற்குள் அது மேலே ஏறிவிட்டது. மருந்துப் பெட்டிகள் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மெஷின் சொல்லலையா? கண்ணு எங்க இருந்துச்சு?" என்று முற்றத்துக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். "சொல்லுச்சு சார். படிக்கிறதுக்குள்ள ஓடிடுச்சு" என்று அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. சாட்சி ஒழிந்துபோன வழக்கில் எளியவர்தானே குற்றவாளி!

இயந்திரத்தைப் பழுது பார்க்க வரும் சர்வீஸ்காரரிடம் அக்கா அன்றே கெஞ்சினார். அவர் ஒரு பிளாப்பியில் சின்னப் புரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தார். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான்: மேலே போன வரிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நடக்கிற வேலை நின்று, நடந்துபோன திரை வரும். எஸ்கேப் விசையைத் தட்டினால் மறுபடி நிகழ்காலம். பழைய திரை வந்து நிற்கும்போது எதை அடித்தாலும் ஏறாது. இயந்திரம் 'கீக்' என்று ஒரு சத்தம் மட்டும் போடும்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. பில் போடுகிறவர் முகவரியைத் தப்பாகச் சொல்லிவிட்டு அக்கா மேல் பழியைப் போட முடியாது. தொலைபேசியில் ஒன்று, நேரில் ஒன்று பேசுகிறவர்களின் மூக்கு தினமும் அறுபட்டது. அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு சின்னப் பிழையைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், அன்று முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவார். ஜெயிப்பதில் அவருக்கு இருந்த ருசியை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டிலும் இதே கதைதான். அவர் கணவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். இந்தச் சண்டையைக் கவுண்டரில் அக்காவே பெருமையாகச் சொல்லக் கேட்டேன்.

"குழம்புல உப்பு சரியா இருக்குன்னாரு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்ததும் கரிக்குதுன்னாரு. கொஞ்சம் மேல போங்க, முதல்ல என்ன சொன்னீங்கன்னேன். அதுக்கு அவரு, 'ஏம்மா, உன் தலைக்குள்ளயும் அந்தப் புரோகிராமைப் போட்டு அனுப்பிட்டாங்களா'ன்னாரு. போட்டிருந்தா கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க பேசினது எல்லாத்தையும் இப்ப ஓட்டிக் காட்டியிருப்பேன்னேன். மனுஷன் குனிஞ்சு சோத்தைப் பிசைய ஆரம்பிச்சுட்டாரு!"

அந்த நிறுவனத்தில் ஒரு மதம் நடந்துகொண்டிருந்தது. அதன் ஒரே மந்திரம், 'மெஷின் போட்டுச்சு.' தினமும் மாலையில் எந்த லாரியை யார், எந்தப் பாதையில் ஓட்டுவது என்று கம்ப்யூட்டர் பட்டியல் போடும். ஓட்டுநர்கள் கம்பி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மேலாளர் வந்து பட்டியலைப் பார்த்து, "ஏதாவது மாற்றம் உண்டா?" என்று இயந்திரம் கேட்கும் இடத்தில் ஒற்றை விரலால் எதையோ தட்டுவார். பட்டியல் மறுபடி ஓடும். அதுதான் அச்சாகி ஜன்னலுக்குப் போகும். யாராவது முணுமுணுத்தால் மேலாளர் கையை விரிப்பார். "நானா போடறேன்? மெஷின் போடுது. அதுக்கு உன் மேல என்னப்பா கோபம்?"

முன்பெல்லாம் தலையெழுத்து என்றார்கள். தலையில் எழுதியவனை யாரும் பார்த்ததில்லை. அதனால் கேட்க வழியில்லை. திரையில் எழுதுகிறவர் கண்ணெதிரே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். அப்போதும் யாரும் கேட்கவில்லை என்றால், கும்பிடு போடுவதற்கு நமக்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் போலிருக்கிறது.

இந்த மதத்தின் பலி ஆடு ஒருவர் உண்டு. பிரேக் அண்ணன் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், மலைப்பாதையில் போகிற பழைய லாரிக்குப் பிரேக் சரியில்லை, பார்த்துக் கொடுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த லாரியும் அந்தப் பாதையும் அவர் பெயரிலேயே விழுந்துகொண்டிருந்தன. "வண்டிக்குப் பிரேக் பிடிக்கலன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து மெஷினுக்கு என்னைப் பிடிக்கல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

மேலாளரின் மனைவியின் தம்பியும் அங்கேதான் ஓட்டுநர். மேலாளருக்கு மச்சான் என்பதால் முற்றத்தில் எல்லோருக்கும் அவர் மச்சான்தான். அவருக்கு எப்போதும் புது லாரி, சமவெளிப் பாதை. இயந்திரத்துக்கு அவரைப் பிடித்திருந்தது.

இது அக்காவுக்குத் தெரியாதா? பட்டியல் இரண்டு தடவை ஓடுகிறது. முதலில் ஓடியதை மேலே போய்ப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர். தினமும் பார்த்தார். பார்த்துவிட்டு எஸ்கேப்பைத் தட்டினார். ஒருநாள் நான் நேராகவே கேட்டேன். கொஞ்சமும் கூச்சம் இல்லாமல் பதில் வந்தது.

"நான் மேல போய்ப் பார்க்கறது என் தப்பு ஏதாவது இருக்கான்னு. இல்லன்னா மூடிடுவேன். அடுத்தவங்க தப்பைப் பார்க்கவா என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க?"

உலகத்தில் அநியாயம் செய்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அதை நிற்க வைத்துத் தாங்கிப் பிடிக்கிறது இந்த ஒரு வாக்கியம்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். புத்தகக் கட்டுகளை அனுப்புவதற்காக நான் கவுண்டரில் நின்றிருந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் மண் சரிந்திருப்பதாக மேலிருந்து இறங்கி வந்த ஓட்டுநர் ஒருவர் சொன்னார். பிரேக் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, இன்னைக்கு ஒருநாள் மெஷின்கிட்ட எனக்காகக் கொஞ்சம் பேசிப் பாருங்க. இந்த மழையில அந்த வண்டியோட இறங்கினா மறுபடி ஏறிப் போக வேண்டிய கஷ்டம் இருக்காது." அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேலாளர் வந்தார். பட்டியல் ஓடியது. ஒற்றை விரல் தட்டியது. பட்டியல் மறுபடி ஓடியது. அதற்குள் அவர் அறையில் தொலைபேசி மணி அடிக்க, எழுந்து போனார். அக்கா வழக்கப்படி ஆல்ட்டை அழுத்தி மேலே போனார். முதல் பட்டியல் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து நான் ரசீது கேட்டேன். திரையை அப்படியே விட்டுவிட்டு அக்கா கவுண்டருக்கு வந்தார்.

மேலாளர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். மலைப்பாதை, பழைய லாரி, நேர் எதிரே மச்சானின் பெயர். பார்ப்பது பழைய திரை என்று அவருக்குத் தெரியாது. தான் மாற்றியது ஏறவில்லை என்று நினைத்துவிட்டார். மறுபடி தட்டினார். கீக். இன்னொரு தடவை. கீக். உள்ளங்கையால் விசைப்பலகையை ஒரு அறை அறைந்தார். கீக், கீக், கீக். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னம்மா கம்ப்யூட்டர் இது? மச்சானை எடுத்துட்டு அவனைப் போடுன்னு இப்பத்தானே போட்டுட்டுப் போனேன்! தினம் எடுத்துக்கிற மெஷினுக்கு இன்னைக்கு என்ன கேடு?"

ஜன்னலில் இருந்த அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

பிரேக் அண்ணன்தான் முதலில் பேசினார். குரலில் கோபம் இல்லை, மரியாதை சொட்டியது. "தினமுங்களா சார்?"

"என்ன தினம்? மெஷினுக்கு என்ன தெரியும்? தப்புத்தப்பாப் போடுது, நான் சரி பண்றேன்."

"ரெண்டு வருஷமா தப்பாப் போடுதா சார்? அதுவும் என் ஒருத்தன் விஷயத்துல மட்டும்?"

பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அண்ணே, நீ சும்மா இரு. அக்காவைக் கேப்போம். அக்கா, மெஷின் என்னதான் போட்டுச்சு?"

அக்கா என் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேலாளர் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு வேலைநீக்கம் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதரின் உயிர் நின்றிருந்தது. அக்கா மெதுவாக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்து படித்தார். எஸ்கேப்பைத் தட்டி அதற்குக் கீழே ஓடியதையும் படித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மேல இருக்கறது மெஷின் போட்டது. கீழ இருக்கறது சார் போட்டது. ரெண்டுலயும் என் தப்பு எதுவும் இல்ல."

இதைவிட வீரமில்லாத சாட்சியத்தை நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. ஓட்டுநர்களில் ஒருவரும் சாவியை வாங்க முன்வரவில்லை. "மெஷின் போட்டதையே அச்சடிங்க சார். நாங்க மெஷினுக்குக் கட்டுப்பட்டவங்க" என்றார்கள். தான் வளர்த்த பக்தி தன் கழுத்தையே பிடிக்க, மேலாளர் அச்சடிக்கச் சொல்லிக் கையை அசைத்தார். மச்சானின் பெயரோடு பட்டியல் அச்சானது.

மச்சான் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழைய லாரியில் ஏறினார். ஏறிய வேகத்திலேயே இறங்கினார். மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து ஜன்னலில் கத்தினார்: "மாமா, பிரேக்கை மிதிச்சா தரைக்குப் போகுது! மனுஷன் ஓட்டுவானா இதை?"

இரண்டு வருடமாக அதை ஓட்டிய மனிதர் பக்கத்திலேயே நின்றிருந்தார். தன் துண்டை எடுத்து, தலையைத் துவட்டிக்கொள்ளும்படி மச்சானிடம் நீட்டினார்.

மெக்கானிக் உடனே வந்தார். லாரி பணிமனைக்குப் போயிற்று. மலைமேல் போக வேண்டிய சரக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனது; வானம் இடிந்து விழவில்லை. ஒரு பிரேக் பழுதாக இருக்கிறது என்ற உண்மை, அது யார் காலுக்குக் கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்தே உண்மையாகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அன்று ஓட்டுநர்கள் கலைந்த பிறகு மேலாளர் அக்காவின் மேஜைக்கு வந்தார். குரல் தேனாக இருந்தது.

"அந்தப் பின்னால போற புரோகிராம் மெமரியைத் தின்னுதும்மா. அதனாலதான் இந்தக் குழப்பமெல்லாம். இப்பவே எடுத்துடு."

"எடுத்துடறேன் சார்" என்றார் அக்கா. உடனே கையை விசைப்பலகைமேல் வைத்தார். ரசீதுக்காக இன்னும் நின்றிருந்த எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் விரல்கள் அசையவில்லை.

"நாளைக்கு வேற மேலாளர் வந்து, ஏன் எடுத்தேன்னு கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

"சரி சார். ஆனா வாயால சொன்னது ஓடிடும்."

அக்கா இழுப்பறையைத் திறந்தார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, மேஜைமேல் மேலாளர் பக்கமாக நகர்த்தி, பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.