உப்பளத்தில் கேட்ட மூன்று தட்டு

நான் நர்ஸ். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய கண்ணை நான்தான் மூடிவிட்டிருக்கிறேன், ஒருத்தரும் திரும்பி வந்து என்னிடம் நலம் விசாரித்ததில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள் என்று கேட்கிற ஆள் நான். அதனால் நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2005ஆம் வருஷம், நல்ல கோடை. இனிமேல் குணப்படுத்த முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளிகளைத் தேடிப் போய், வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். உப்பு வாரிப் பிழைத்த மனிதர். வாயில் புற்றுநோய், நாக்கு போய்விட்டது, பேச்சில்லை, மூக்கில் போட்ட டியூப் வழியாகத்தான் கஞ்சி, மருந்து எல்லாம். அவர் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, இரும்புக் கட்டிலின் கம்பியில் தட்டச் சொல்லியிருந்தேன். ஒரு தட்டு என்றால் லேசான வலி, இரண்டு என்றால் நன்றாக வலிக்கிறது, மூன்று என்றால் தாங்க முடியவில்லை. வேளாவேளைக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை போக, மூன்று கேட்டால் இன்னொன்றைக் கரைத்து ஊற்றும்படி அவர் மனைவி அஞ்சலைக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

அன்றைக்கு உச்சி வெயிலில் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். காலை வேலை முடிந்து ஆட்களெல்லாம் போய்விட்டார்கள், ஒரு காக்கா கூட இல்லை, பாத்தியெல்லாம் கண் கூசுகிற வெள்ளை. வீடு அந்தக் கோடியில் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிகிறது. அப்போது கேட்டது. டங், டங், டங். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டங், டங், டங். அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்கும் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை, ஓடினேன்.

வாசலில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. உள்ளே கன்னியப்பன் வேர்த்து நனைந்து கிடக்கிறார், டியூபைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையையும் துண்டால் கட்டிவைத்திருக்கிறது. ஸ்பூன் எங்கே என்று கேட்டேன். அஞ்சலை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"காலையிலயே வாய்க்கால்ல வீசிட்டேன் சிஸ்டர். அந்த மாத்திர குடுத்தா ஆளு சீக்கிரம் போயிடுவாருன்னு எங்க அண்ணன் சொல்லிட்டான். குடுக்காம அந்தச் சத்தத்த கேட்டுக்கினு இருக்க என்னால முடியல."

திட்டத்தான் வாயெடுத்தேன், அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். கட்டை அவிழ்த்து, மாத்திரையைக் கரைத்து ஊற்றினேன். இது உயிரை எடுக்காது, வலியைத்தான் எடுக்கும் என்று அவளுக்குப் புரிகிற வரைக்கும் சொன்னேன். அவள் அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதாள், எனக்கும் அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தளர்ந்தது. அப்போது கட்டில் கம்பியில் ஒரே ஒரு தட்டு. அவருடைய கைகள் இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தன. நம்பினால் நம்புங்கள், அவளும் கேட்டாள். "அவருதான் சிஸ்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை. சில வாரம் கழித்து, அவள் மடியில் தூங்குகிற மாதிரி வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார். சத்தமும் அதோடு போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. எந்த நோயாளி வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் கேட்டுவிடும். வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று மழுப்புகிறவர்களுக்குக் கூட இரண்டா, மூன்றா என்று உள்ளே போகும் முன்பே தெரிந்துவிடும். ஒரு தடவை கூடப் பொய்த்ததில்லை. அதெல்லாம் அனுபவம் என்று எங்கள் டாக்டரம்மா சொன்னார், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தட்டு கேட்டது. எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டேன். "எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். விடாமல் இழுத்துக்கொண்டு போய் டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமே இல்லை என்கிறார்கள். இன்று காலை அதே இடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே காபி கேட்டார். இரண்டு தட்டு. இரும்பில் தட்டுகிற அதே சத்தம்.

எங்கள் வீட்டில் இருப்பது மரக்கட்டில்.