அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஹாரன் அடிக்கக் கூச்சப்பட்ட மனிதர். டிப்போவில் 'ஊமை ஹாரன்' என்றே அவருக்குப் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அது ஒட்டிக்கொண்டது.

மனைவிக்கு மூச்சிரைப்பு. படுக்கையறைச் சுவரில் எத்தனை முறை பூசினாலும் ஈரம் ஊறி, பூஞ்சை கறுப்பாகத் தலைகாட்டியது. வேறு வீடு பார்க்கச் சொன்னார் டாக்டர். வீட்டை விற்க வந்த புரோக்கரிடம் அவர் முதலில் காட்டியதே அந்தச் சுவரைத்தான்.

"என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, விடுங்க சார். ஆளுங்க வரும்போது நீங்க சமையலறையில இருங்க. ஓனர் வாயைத் திறந்தா வியாபாரம் படுத்துரும்."

கண்டக்டரிடம் சொன்னால் பயணிகளிடம் சொன்ன மாதிரி. அவருடைய பழக்கம் அது. நாம் சொன்னதை இன்னொருவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்ற நம்பிக்கையில்தான் பாதி வாழ்க்கை ஓடுகிறது. புரோக்கர் சுவருக்குப் பெயிண்ட் அடித்து, அலமாரியை அதன் முன்னால் நகர்த்தியபோதும் அவர் தப்பாக நினைக்கவில்லை. கைக்குழந்தையோடு வந்த தம்பதியின் சிரிப்பு சமையலறை வரை கேட்டது. ஈரத்தைப் பற்றித் தெரிந்தும் சிரிக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

விற்ற பணத்தில் மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். மனைவி இரவெல்லாம் படுத்துத் தூங்கினாள்.

மழைக்காலத்தில் அந்தக் குழந்தைக்கு இரைப்பு வந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்த தம்பதி வழக்குப் போட்டார்கள். புரோக்கர் கம்பி நீட்டிவிட்டார்.

"நான் புரோக்கர்கிட்ட உண்மையத்தானே சொன்னேன்?" என்றார் வக்கீலிடம்.

"அவர்கிட்ட சொன்னீங்க. வாங்கினவங்ககிட்ட? ஈரமே கிடையாதுன்னு அவர் சத்தியம் பண்ணியிருக்கார். உங்களுக்காகப் பேச நீங்க வச்ச ஆளு சார். அவர் சொன்னது நீங்க சொன்ன மாதிரிதான். அவரைப் பிடிச்சா அப்புறம் தனியா கேஸ் போடலாம்."

விற்பனை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஃபிளாட்டை விற்றாக வேண்டும். பிறகு அந்தச் சுவரிடமே திரும்ப வேண்டும்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

இந்த முறை புரோக்கர் இல்லை. ஃபிளாட்டைப் பார்க்க வந்தவருக்காக, சுவர் முழுசாகத் தெரிய அவரே கட்டிலை நகர்த்தினார்.

"தொட்டுப் பாருங்க. ஒரு பொட்டு ஈரம் கிடையாது. இங்க வந்ததுலேருந்து இவளுக்கு ஒரு நாள்கூட இரைக்கல."

வந்தவர் சிரித்தார். "இவ்வளவு நல்ல வீட்டை யாராவது விப்பாங்களா சார்? உள்ளே என்ன விஷயம், சொல்லுங்க."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினார்.