இடது கையில் முள்கரண்டி

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் தலைமைச் சமையல்காரி லூச்சியா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, முள்கரண்டியை இடது கையில் எடுத்துச் சாப்பிடத் தொடங்கியபோது நான் என் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தாலியின் வடக்கே ஒரு துறைமுக நகரம் இது. என் கணவர் முருகேசன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலைக்கு வந்து, மூன்று ஆண்டுகள் கழித்து என்னை அழைத்துக்கொண்டார். விருதுநகர் பக்கத்து எம். புதுப்பட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இடது கையால் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மேசையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் அண்ணனை நினைத்தேன்.

சீனி அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவர். எங்கள் அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். நாங்கள் இருவரும் பட்டாசு கம்பெனிக்குப் போனோம். நான் திரி கட்டும் வேலையில் இருந்தேன், அண்ணன் மருந்து அறையில். தீபாவளி சீசன் நெருங்கி ஆர்டர் குவிந்திருந்த ஒரு நாள், கலவை உரசித் தீப்பிடித்தது. அண்ணன் உயிர் தப்பினார். ஆனால் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே மடங்கியபடியே ஆறிப்போயின. அன்றிலிருந்து இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பிடுகிறார். அதுவும் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து. யார் வீட்டுக் கல்யாணமானாலும் தாலி கட்டி முடிந்ததும் செருப்பைத் தேடுவார். 'சாப்பிட்டுப் போங்க' என்று யாராவது கையைப் பிடித்தால், 'இன்னிக்கு விரதம்' என்பார். வாரத்தில் எல்லா நாளும் அவருக்கு விரத நாளாக இருக்க முடியும்.

இங்கே வந்த புதிதில் எனக்கு மொழி சுத்தமாகத் தெரியாது. ஒருநாள் இல்லத்துப் பெரியவர் ஒருவருக்குப் பாஸ்தா பரிமாறினேன். அவர் "பாஸ்தா" என்றார். இன்னொரு கரண்டி வைத்தேன். குரலை உயர்த்தி மறுபடியும் "பாஸ்தா" என்றார். பாவம், நல்ல பசி போலிருக்கிறது என்று தட்டு நிறைய வைத்தேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். லூச்சியா ஓடி வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் விளக்கினாள். முதல் எழுத்தை அழுத்தாமல் சொன்னால் சாப்பாடு. அதிரச் சொன்னால் 'போதும்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என் காதிலும் ஒன்றாகத்தான் விழுந்தது. அந்த வெட்கத்தில்தான் இந்தச் சாப்பாட்டை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் லூச்சியா இறாலும் கணவாயும் போட்டுச் செய்யும் ஸ்பகெட்டியை அடுப்பருகே நின்று பார்த்துப் பார்த்து, வீட்டில் செய்து செய்து, ஏழெட்டு முறை கெடுத்து, பிறகு கைக்குக் கொண்டுவந்தேன்.

போன வருடம் அண்ணன் மகள் பாண்டீஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் ஆமத்தூரில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒரு மாதம் முன்னதாகத்தான் இரண்டு வாரம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன்பு பாண்டீஸ்வரி போனில் அழைத்தாள்.

"அத்தை, நீங்க வர்ற ஞாயித்துக்கெழம அவுக வீட்டுல இருந்து சாப்பிட வர்றாக. அப்பா அன்னிக்கு விருதுநகர்ல வேலை இருக்குன்னு சொல்லுறாக. கல்யாணத்தன்னிக்கும் இப்பிடித்தான் எங்கிட்டாவது போயிருவாகளா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். கேள்வியாகக் கேட்டதால் எனக்குப் பதில் வேண்டியிருந்தது. அன்று மாலையே கடைக்குப் போய் நான்கு பாக்கெட் ஸ்பகெட்டியும், ஒரு புட்டி ஆலிவ் எண்ணெயும், பன்னிரண்டு முள்கரண்டிகளும் வாங்கினேன். எல்லாரும் கரண்டியால்தான் சாப்பிட வேண்டும் என்கிற சாப்பாட்டைப் போட்டால் அண்ணன் ஒருவர் மட்டும் எப்படித் தனியாகத் தெரிவார்? அதுதான் என் கணக்கு.

ஊரில் பாண்டீஸ்வரியின் அம்மாவான மதினிக்கு என் கணக்கு பிடிக்கவில்லை.

"சம்பந்தகாரவுகளுக்கு நூடுல்ஸா போடப் போறே? ஆமத்தூரே சிரிக்கும், மாரி."

"சிரிக்கட்டும் மதினி. இத்தாலிக்காரி செஞ்சான்னு சொல்லுங்க. குத்தம் கொறை எல்லாம் என் தலையில."

"அந்த எண்ணெய் பச்சப்பிள்ளைக்குத் தேய்க்கிறதுல்ல? அதுலயா சமைக்கப் போறே?"

அண்ணனிடம் நான் சுற்றி வளைக்கவில்லை. "நீங்க உக்காந்தாத்தான் பரிமாறுவேன். இல்லேன்னா அடுப்பப் பத்த வைக்க மாட்டேன்" என்றேன். "பாப்போம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் விருதுநகருக்குப் போகவில்லை. நான்தான் போனேன். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த இறாலில், தலை கழன்று விழாதவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். கணவாய் சின்னதாக, வெள்ளையாகக் கிடைத்தது. சந்தையில் நல்ல சம்பா மிளகாய் வத்தலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். லூச்சியாவின் வத்தலுக்கு இந்த மணம் கிடையாது.

இதற்குச் சாமான் அதிகம் வேண்டாம், கவனம்தான் வேண்டும். இறால் ஓட்டையும் தலையையும் எண்ணெயில் வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி வைத்தேன். பெரிய அண்டாவில் உப்புக் கரிக்கக் கரிக்கத் தண்ணீர் கொதித்தது. ஸ்பகெட்டியை ஒடிக்காமல் அப்படியே இறக்கினேன். பக்கத்து அடுப்பில் ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு, கிள்ளிய வத்தல். பூண்டு சிவப்பதற்குள் கணவாய் வளையங்கள், அடுத்து இறால். ஒரு நிமிடம் கூடினால் கணவாய் ரப்பராகிவிடும் என்பதால், சுருண்டதும் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அந்தச் சட்டியிலேயே தக்காளியும் ஓட்டுச் சாறும் கொதிக்க, முக்கால் பதம் வெந்த ஸ்பகெட்டியை அள்ளிப் போட்டு, அது வெந்த தண்ணீரிலேயே இரண்டு கரண்டி விட்டுக் கிளறினால் சாறு பளபளவென்று பிடித்துக்கொள்ளும். கடைசியாக இறால், கணவாய், எலுமிச்சை, பொடியாக அரிந்த மல்லித்தழை. நான் பார்க்காத நேரத்தில் மதினி இறாலில் மஞ்சள் தடவி வைத்திருந்தார். "கவுச்சி அடிக்கும்லா" என்றார். அதனால் எங்கள் வீட்டு ஸ்பகெட்டி மஞ்சளாக வந்தது. லூச்சியா பார்த்தால் நெஞ்சில் கைவைத்திருப்பாள். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

பாயில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பி; இந்தப் பக்கம் மதினி, பாண்டீஸ்வரி. கடைசியில் அண்ணன், வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்தபடி. தட்டுகளை வைத்தேன், முள்கரண்டிகளைக் கொடுத்தேன். எல்லாருமே திணறினார்கள். சுற்றச் சுற்ற அவிழ்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா வாய்க்குக் கொண்டுபோனது பாதி வழியில் தட்டிலேயே விழுந்தது. அண்ணன் மட்டும் ஓசையில்லாமல், பழகிய கையாகச் சுற்றி எடுத்தார். என் கணக்கு சரியாகிவிட்டது என்று அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன்.

அப்போது மாப்பிள்ளையின் அப்பா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ருசி எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா இந்த முள்ளு நமக்குச் சரிப்படாது" என்று கையாலேயே அள்ளினார். அவ்வளவுதான். அவர் மனைவி வைத்தார், தம்பி வைத்தார், மதினியும் சிரித்துக்கொண்டே வைத்தார். ஒரு நொடியில் எல்லாரும் கையால் சாப்பிட, அண்ணன் மட்டும் இடது கையில் முள்கரண்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பதினெட்டு மணிநேரம் பயணம் செய்து கரண்டிகளைக் கொண்டுவந்து அவரை எல்லார் முன்னாலும் அப்படி உட்காரவைத்துவிட்டேன்.

"நீங்களும் கையிலயே சாப்பிடுங்க சம்பந்தி" என்றார் அவர், வெள்ளந்தியாக.

அண்ணன் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. மடியிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மடங்கிய கையைத் தட்டுக்கு அருகே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

"இது கம்பெனில வெந்து போச்சு சம்பந்தி. எனக்கு இந்தக் கைதான். எடது கைன்னு நெனைக்காதீக."

பாண்டீஸ்வரி தலையைத் தூக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தார்.

"தெரியும். பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாக. கையிலயே சாப்பிடுங்கன்னது பழக்கத்துல வாயில வந்துருச்சு. நீங்க எங்ககூட உக்காராம நழுவிக்கிட்டே இருந்ததுதான் எங்களுக்கு வெளங்கல. எங்க வீட்டுச் சம்பந்தம் பிடிக்கலையோன்னு இவ பொலம்பிக்கிட்டே வந்தா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தாயி, சம்பந்திக்கு இன்னுங் கொஞ்சம் எறா வையி" என்றார்.

வைத்தேன். அண்ணன் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"எனக்காகத்தான இம்புட்டையும் தூக்கிச் சொமந்துட்டு வந்தே?"

"ஆமாண்ணே."

"நீ நெனைச்ச மாதிரி நடக்கலைல்ல?"

"இல்லண்ணே."

"அது கெடக்கு. இந்த முள்ளுல ஒன்னே ஒன்ன மட்டும் இங்கன வச்சிட்டு, மிச்சத்தக் கொண்டு போயிரு. கல்யாணத்துல எல்லாரும் கையாலதான் சாப்பிடுவாக. நான் எதுல சாப்பிடணுமோ அதுல சாப்பிட்டுக்கிடுறேன்."

கல்யாணத்தன்று நான் இல்லத்துச் சமையலறையில் இருந்தேன். அங்கே மதியப் பந்தி. இங்கே காலை உணவு நேரம். தலையில் வலைத்தொப்பியோடு, காபிக் கோப்பைகளுக்கு நடுவே போனை வீடியோ அழைப்பில் சாய்த்து வைத்திருந்தேன். முதல் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து முள்கரண்டியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். சோற்றுக்கு அது தோதான கருவி இல்லை. பருக்கைகள் இடுக்கில் வழிந்தன. அவர் அவசரப்படவில்லை. சாம்பார், ரசம், மோர் என்று கடைசி வரைக்கும் சாப்பிட்டார்.

அவருக்கு அடுத்த இலையில் ஆள் இல்லை. மதினி தன் போனை அந்த இலைக்கு முன்னால், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார். அதனால்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பாயச வாளியோடு வந்த மதினியின் தம்பி அந்த இலையில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, குனிந்து போனுக்குள் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்தவா, மாரி?" என்று கேட்டார். வாளி மறுபடியும் சாய்ந்தது. நான் என்னை அறியாமல், இலைமேல் கையை விரித்து மறைப்பதுபோல, எஃகு மேசைக்கு மேலே வெறுங்கையை விரித்தேன். ரொட்டித் தட்டோடு என்னைக் கடந்துபோன லூச்சியா நின்று, காலியான மேசையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.