முப்பத்திரண்டாம் மூட்டை

நான் இணையதளங்கள் செய்து கொடுப்பவள். திருவையாற்றில் எங்கள் வீட்டு மாடியறைதான் அலுவலகம். இந்தத் தொழிலில் என்னைக் காப்பாற்றுபவை பெரிய மென்பொருள்கள் அல்ல. யாரோ எங்கோ செய்து இலவசமாக விட்டுவைத்திருக்கும் சின்னக் கருவிகள்தான். படத்தின் எடையைக் குறைத்துத் தருவது ஒன்று. இரண்டு பட்டியல்களை ஒட்டினால் எங்கே வித்தியாசம் என்று சிவப்பில் காட்டுவது இன்னொன்று. இவற்றைச் செய்தவர்கள் எதிரே வந்தால் ஒரு வேளை சாப்பாடாவது போடுவேன்.

அவற்றைவிட எனக்குப் பிடித்தவை ஒன்றுக்கும் உதவாத தளங்கள். ஒரு தளத்தில் குமிழிகளை விரலால் உடைத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்றில் உலகத்தில் ஏதோ ஒரு தெருவைக் காட்டி எந்த ஊர் என்று கேட்பார்கள். பச்சை வயல் தெரிந்தால் நான் யோசிக்காமல் தஞ்சாவூர் என்று அழுத்துவேன். பெரும்பாலும் அது வியட்நாமாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். கையில் கிரீஸ் ஒட்டாத எதையும் அவர் வேலை என்று ஒத்துக்கொள்வதில்லை. நான் குமிழி உடைப்பதைப் பார்த்தால், வெட்டி வேலை என்று சொல்லிவிட்டுத்தான் மாடிப்படி இறங்குவார்.

எனக்கு வேலை கொடுப்பவர்களில் ஒரு டீச்சர் இருக்கிறார். பக்கத்து ஊர்க் கத்தோலிக்கக் குடும்பம். பள்ளிக்கூட வேலையோடு வயலும் பார்க்கிறார். நாற்பத்தோரு பாரம்பரிய நெல் ரகங்களை வருடா வருடம் பயிர் செய்து, விதை எடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுப்பார். ஆனால் மூட்டை மேல் ரகத்தின் பெயரை எழுத மாட்டார், எண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் எல்லாரும் மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையுமே கேட்கிறார்களாம். அவரோ மண்ணைக் கேட்டு, தண்ணீரைக் கேட்டு, வயலுக்குத் தோதான எண்ணைத் தூக்கிக் கொடுப்பார். ரகத்துக்கு ஒரு எண். வருடம் மாறினாலும் எண் மாறாது.

எந்த எண் எந்த ரகம் என்பது முதலில் ஒரு நோட்டில் இருந்தது. அவருக்குத் தளம் செய்து கொடுத்தபோது அந்தப் பட்டியலையும் அதிலேயே ஏற்றி, அவர் மட்டும் பார்க்கும்படி கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். "இனிமே நோட்டு எதுக்கு டீச்சர்? எல்லாம் நெட்லயே இருக்கு" என்று பெருமையாக வேறு சொன்னேன். பாவம், அவர் நம்பிவிட்டார். நோட்டு ஒரு மழையில் நனைந்து கூழாகிப் போனபோதுகூடக் கவலைப்படவில்லை.

அதே பட்டியலை வைத்து நான் ஒரு விளையாட்டும் செய்திருந்தேன். ஒரு பொத்தான், அழுத்தினால் ஒரு எண்ணும், ரகத்தின் பெயரும், டீச்சரின் குறிப்பு ஒரு வரியும் வரும். இன்றைக்கு என்ன சோறு என்று ஜோசியம் மாதிரி. அடுத்த முறை அழுத்தினால் எது வரும் என்று சொல்ல முடியாது. பெயர்கள் வெளியே போய்விடக் கூடாதே என்று, பட்டியலையும் சேர்த்து உள்ளே எழுதியிருப்பதைக் கன்னாபின்னாவென்று குழப்பித் தரும் ஒரு இலவசக் கருவியில் போட்டெடுத்து, வேறொரு இலவச இடத்தில் ஏற்றினேன். முகவரியை டீச்சருக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் அனுப்பினேன். டீச்சர் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார். வீட்டுக்காரர் பதிலே போடவில்லை. நானும் அதை மறந்துபோனேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கீழே பட்டறையை அவர் கழுவிக்கொண்டிருந்தார். நானும் என் பங்குக்குக் கணினியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். துணியால் துடைத்தால் மட்டும் போதுமா? உள்ளேயும் ஒட்டடை அடிக்க வேண்டாமா? பழைய கோப்புகள், பழைய நகல்கள் எல்லாவற்றையும் வழித்துப் போட்டேன். சர்வரிலும் 'டெஸ்ட்' என்று பெயர் வைத்திருந்ததையெல்லாம் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. மறுநாள் மடிக்கணினி மூடி மேல் சந்தனம், குங்குமம் வைத்து, அவருடைய ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் மணைப்பலகையில் வைத்தேன். சரஸ்வதி பூஜையும் அதுவே என்பதால் நோட்டு, பேனாவும் அங்கேயே. மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. செல்போனுக்குப் பொட்டு மட்டும் வைத்தோம். அதை விட்டுவிட்டு ஒரு நாள் இருக்க எங்கள் இரண்டு பேராலும் முடியாது.

பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது டீச்சர் போனில் கூப்பிட்டார். அவருக்குப் பூஜை இல்லை, லீவு மட்டும்தான். தளத்தைத் திறந்தால் பட்டியல் காலியாக இருக்கிறதாம். அந்த வருடம் தண்ணீர் தாமதமாக வந்திருந்தது. மறுநாள் விடியற்காலையில் கடலோரத்திலிருந்து ஒரு விவசாயி விதைக்கு வருகிறார். அவருடையது உப்பேறிய நிலம்; அதில் பிழைக்கிற ரகம் குழியடிச்சான் ஒன்றுதான் டீச்சரிடம் இருந்தது. அது எந்த மூட்டை என்று தெரிய வேண்டும். ஏழெட்டு ரகத்தைத்தான் பார்வையிலேயே சொல்ல முடியும், மற்றதில் சத்தியம் செய்ய முடியாது என்றார். மாற்றிக் கொடுத்தால் அந்த ஆளுக்கு அந்த வருட வெள்ளாமையே போச்சு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டீச்சரின் பட்டியலுக்கு, தளம் செய்த முதல் நாளில் அவசரத்துக்கு 'டெஸ்ட்-2' என்று பெயர் வைத்திருந்தேன். அதை மாற்றவே இல்லை. இணையத்தின் பழைய பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் தளத்தைப் போனில் தேடினேன். டீச்சர் வரப்பில் நின்று சிரிக்கும் முகப்புப் படம் மட்டும் அதில் பத்திரமாக இருந்தது. பட்டியலைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேனே. மடிக்கணினியை எடுத்தும் பயனில்லை. அங்கேயும் வழித்தவள் நான்தான். அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொரியை மென்று முடித்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார். "அதான் அந்த சோத்து விளையாட்டுல இருக்கே. இன்னைக்குக் காலையில எனக்கு இருபத்தேழு வந்துச்சு. தூயமல்லி."

தினமும் பட்டறை திறக்கும் முன் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவாராம், கிட்டத்தட்ட ஒரு வருடமாக. வெட்டி வேலை என்று என்னைச் சொன்ன மனிதர். கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை.

பட்டியல் இருந்தது, ஆனால் என் கெட்டிக்காரத்தனத்தால் அதை மொத்தமாகப் பார்க்க வழி இல்லை. குழப்பி எழுதியதைப் பிரிக்க என் ஒருத்தியால் ஆகாது. அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். எழுதலாம் என்றால் பேனாவும் பூஜையில். டீச்சருக்குப் போன் போட்டு, நாங்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, நான் என் போனில் அழுத்த, வீட்டுக்காரர் அவர் போனில் அழுத்தினார். முதல் இருபது மளமளவென்று வந்தன. முப்பதைத் தாண்டியதும் வந்ததே வந்தது. கிச்சிலிச் சம்பா மட்டும் ஒன்பது தடவை வந்தது. டீச்சர் ஒவ்வொரு தடவையும் 'இருக்கு' என்று வகுப்பில் வருகை எடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு ஆறிப்போனபோது நாற்பது எண்கள் சேர்ந்திருந்தன. முப்பத்திரண்டு மட்டும் வரவில்லை. குழியடிச்சானும் வரவில்லை. மிச்சம் ஒன்றுதானே, அப்புறம் என்ன சந்தேகம் என்று வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டீச்சர் விடவில்லை. "அதுவாத்தான் இருக்கும்னு நெல்லுல சொல்லக் கூடாதும்மா. நாப்பதுல ஒண்ணை நான் தப்பாக் காதுல வாங்கியிருந்தா? அமுக்குங்க, கண்ணால பார்த்துட்டுச் சொல்லுங்க."

நேற்று டெஸ்ட் என்று பெயரைப் பார்த்ததும் 'அதுவாகத்தான் இருக்கும்' என்று அழித்தவள் நான். வாயை மூடிக்கொண்டு அழுத்தினேன். வீட்டுக்காரரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, கட்டைவிரல் வலித்தது. கடைசியில் அவர் போனில்தான் வந்தது. அவர் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். முப்பத்திரண்டு. குழியடிச்சான். 'உப்புக்கு அஞ்சாது. சோறு சிவப்பு' என்று டீச்சரின் குறிப்பு. படித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்தார். அப்புறம் ஒரு பெருமூச்சு கேட்டது. எனக்குக் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. ஆறிப்போன சாம்பார் சாதத்தை அப்படி ருசித்து நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையிலிருந்து பேனாவை எடுத்து, புது நோட்டில் முதல் எழுத்தாக அந்தப் பட்டியலைத்தான் எழுதினேன். டீச்சர் தன் நோட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகுதான் தளத்தைச் சரிசெய்தேன்.

தை மாதக் கடைசியில் டீச்சர் ஒரு துணிப் பையில் அரிசி கொடுத்தனுப்பினார். கடலோர விவசாயி வீட்டு வயலில் விளைந்ததாம். பையின் மேல் வழக்கம்போலப் பெயர் இல்லை, மையால் எழுதிய எண் மட்டும்: 32. அது என்ன ரகம் என்று தெரிந்துகொள்ள நாங்கள் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் உலை வைக்கப் போனார்.