காதர் மைதீன் அடித்த வரி

காதர் மைதீன் செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் வீட்டில் காலமானார். தொலைபேசியில் உறுதி செய்தவர் அவருடைய தம்பி அப்பாஸ். "யார் சொன்னது?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "நான்தாண்ணே சொல்றேன், பக்கத்துலதான் இருக்கேன்" என்றார்.

எங்கள் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். எண்பதுகளில் ஒரே பத்திரிகைக்கு நான் ராஜபாளையம் நிருபர், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நிருபர். என் செய்திக் கவரை மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவேன். காதர் மைதீன் அதை பஸ் நிலையத்தில் வாங்கிப் பிரித்து, ஆதாரமில்லாத வரிகளை அடித்து, தம் செய்தியையும் வைத்து ஒட்டி, அதே பஸ்ஸில் ஏற்றுவார்.

ஒருமுறை எங்களூர் லாட்ஜில் ஒரு பிரெஞ்சுக்காரர் தங்கினார். சத்திரத்தை அவர்கள் மொழியில் 'ஓபெர்ஜ்' என்பார்கள், முதலில் அதற்குப் படை தங்கும் இடம் என்றுதான் பொருள் என்றார். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் பகுதி இது. ஆசையாக எழுதினேன். காதர் மைதீன் அடித்துவிட்டார்.

"அவர் பாஷை அவருக்குத் தெரியாதா, பாய்?"

"ஏலே, உன் பாஷை தமிழ்தான? சத்திரத்துக்குச் சத்திரம்னு ஏன் பேரு வந்துச்சு, சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் அதே வரியை வேறு கவரில் வைத்து, பாயிடம் கொடுக்க வேண்டாம் என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். அச்சாகிவிட்டது.

அதன்பின் அவர் என் கவரைப் பிரிக்கவே இல்லை. பார்த்தால் சிரிப்பார், டீ வாங்கித் தருவார். கவர் மட்டும் ஒட்டியபடியே மதுரை போகும். அது கோபமா, மரியாதையா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு செய்தியையும் பயந்துகொண்டே எழுதினேன். அவர் மறுபடி பிரித்துப் படிக்க வேண்டும் என்று பல வருடம் காத்திருந்தேன்.

போன மாதம் பார்க்கப் போனபோது அவரே பேச்சை எடுத்தார். "அந்தச் சொல்ல விசாரிச்சேன். பாதிரியார் ஒருத்தர் பட்டாளந்தான்னாரு. காலேஜ் வாத்தியார் இல்லவே இல்லைங்காரு. பாண்டிச்சேரி லைப்ரரிக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"நான் எழுதினது சரியா இருந்தா?"

"இருக்கட்டுமே. அன்னைக்கு உனக்குத் தெரியாதுல்ல."

சொல்லிக்கொண்டே, நான் அன்று அனுப்புவதற்காக எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்த செய்தியை உருவிப் படித்தார். பேனா கேட்டார். ஒரு வரியை அடித்தார்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. பாண்டிச்சேரி பதில் மாதக் கடைசிக்குள் வரலாம் என்கிறார் அப்பாஸ். சரி என்று வந்தால் யாரிடம் காட்டுவது, தவறு என்று வந்தால் யாரிடம் ஒப்புக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.