குழிச் சமையலும் எலும்பு வாளியும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருக் கமிட்டித் தலைவி ஸொராய்தா வாசலில் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமைக்குக் குழியைத் தோண்ட ஆள் அனுப்புகிறேன் என்றாள். ஃபோர்துனாத்தா ஆட்டோவின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குழி இல்ல கொமாத்ரே. அங்க செடி இருக்கு."

"பிடுங்கி ஓரமா வை."

"காய் பிடிச்சிருக்கு."

"எலும்புல காய்ச்ச காயா?" ஸொராய்தா சிரித்தாள். "ஊரே சாப்பிட வருது. உன் மிளகாய்க்காக எல்லாரும் பட்டினி கிடக்கணுமா?"

ஃபோர்துனாத்தாவின் மகளுக்கு ஸொராய்தா ஞானத்தாய். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டையிலும் அது மாறாது.

லிமா நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது அந்தக் குன்று. கொஞ்சம் மணல், மற்றதெல்லாம் கல். குடியேறிய நாளைக் கொண்டாட ஒவ்வொரு ஆகஸ்டிலும் குழிச் சமையல் நடக்கும். காய்ச்சிய கற்களைக் குழியில் பரப்பி, மேலே ஆட்டுக்கறி, பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, மொச்சை என்று அடுக்கித் தழையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். குழி எப்போதும் ஃபோர்துனாத்தா வீட்டு முற்றத்தில்தான். மண்வெட்டி இறங்குகிற இடம் அது ஒன்றுதான். அதற்கு மரியாதையாக முதல் துண்டு கறி அவளுக்கு.

பத்தொன்பது வயதில் அரெக்கிப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்தவள். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள், சந்தையில் வெங்காயம் தரம் பிரித்தாள், நாற்பது தாண்டிய பிறகு பழைய ஆட்டோ ஒன்றை வாங்கினாள். பொம்பளை ஓட்டினால் இறக்கத்தில் கவிழ்ந்துவிடும் என்றார்கள் ஆண்கள். முழங்கால் வலி வந்ததும் ஏறிக்கொண்டார்கள். கணவன் எலியோடோரோ கண்ணாடித் தொழிற்சாலையில் காவலாளி. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான்.

தோட்டம் பிறகு வந்தது. ரொகோட்டோ மிளகாய் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆப்பிள் மாதிரி உருண்டு, உள்ளே கறுப்பு விதையோடு இருக்கும் மிளகாய். செடி வளர்ந்தது, பூக்கவில்லை. சந்தையில் விதைக்கடைக்காரர் பாஸ்பரஸ் போதாது என்றார். எலும்பில் அது இருக்கிறது, ஆனால் நின்று நிதானமாகத்தான் வேருக்கு இறங்கும் என்றார்.

அந்த வருஷ விருந்தில் ஃபோர்துனாத்தா வாளியோடு பந்திக்கு நடுவே நடந்தாள்.

"சப்பினது போதும். இதுல போடு."

"இன்னும் கறி ஒட்டிக்கிட்டிருக்கே."

"அதான் சொல்றேன், சீக்கிரம் முடி."

எலும்பை அப்படியே பாத்தியில் புதைத்தாள். மறுநாள் காலையில் குன்றின் நாய்கள் மொத்தமும் அவள் முற்றத்தில் இருந்தன. செடி ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். அதோடு அவளுக்கு எலும்புக்காரி என்று பெயர் விழுந்தது. ஆட்டோவை நிறுத்தவே "எலும்பு, ஓரமா நிறுத்து" என்றார்கள்.

போன ஆகஸ்டில் கொஞ்சம் யோசித்தாள். விருந்து முடிந்து கல் சூடு ஆறுமுன் எலும்புகளைக் குழியிலேயே கொட்டி, மிச்ச விறகை அடுக்கிக் கொளுத்தினாள். வெளுத்துப்போய்க் கையால் நசுக்கினாலே நொறுங்கின. நாய்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. மிளகாய் அரைக்கும் கல்லிலேயே பொடித்தாள். கல்லைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது.

"என்ன இது, சட்னி பல்லுல கரகரங்குது?" என்றான் எலியோடோரோ.

"சத்து. பேசாம சாப்பிடு."

"அடுத்த வாரம் நான் பூப்பேன்னு சொல்லு."

குழியிலிருந்து கல்லையும் சாம்பலையும் வாரி எடுத்தாள். எலும்புப் பொடியோடு, கறிக்கு வளர்க்கும் கினிப்பன்றிகளின் புழுக்கையும் மக்கிய காய்கறித் தோலும் கலந்து குழியை நிரப்பி நாற்று நட்டாள். மாதக்கணக்கில் அது சும்மா நின்றது. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். "வேலை நடக்குது" என்பாள். ஜூன் மூடுபனியில் ஊதாப் பூ வந்தது. இப்போது இலைக்கடியில் பச்சைக் காய்கள். பழுக்க இன்னும் சில வாரம் ஆகும். இந்த நேரத்தில் வேரை அசைத்தால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

"வேற எடத்துல தோண்டு," என்றாள் ஸொராய்தாவிடம்.

"எங்க? பாறையிலயா? நீயே ஒரு எடத்தக் காட்டு."

ஃபோர்துனாத்தா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். முற்றத்தைப் பார்த்தாள். மண்ணுள்ள இடம் இன்னொன்றும் இருந்தது. அதன் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். தகரக் கொட்டகை, அதற்குள் ஆட்டோ. தெருவில் ராத்திரி நிறுத்திய ஆட்டோ காலையில் சக்கரமில்லாமல் நின்ற கதைகள் குன்றில் நிறைய உண்டு.

"இங்கயே தோண்டு," என்றாள்.

"அப்ப வண்டி?"

"உன் வீட்டு முன்கூடத்துல நிக்கும்."

"என் கூடத்துலயா? நாங்க எப்படிப் போறது வர்றது?"

"ஊரே சாப்பிட வருதுல்ல கொமாத்ரே. உன் கூடத்துக்காக எல்லாரும் பட்டினி கிடக்கணுமா?"

உள்ளிருந்து எலியோடோரோ சிரிப்பது கேட்டது. "எவ்வளவு நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள் ஸொராய்தா.

"குழி ஆறுற வரைக்கும்."

சனிக்கிழமை தகரத்தைப் பிரித்தார்கள். ஆட்டோவின் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்த மேல்மண்ணை முழுக்க வழித்துத் தூர எறிந்த பிறகே தோண்ட விட்டாள். ஞாயிற்றுக்கிழமை புதுக் குழியில் எல்லாம் நன்றாக வெந்தது. பன்றிக்கறி கொஞ்சம் கெட்டி. அதற்குக் கல்தான் காரணம், குழி இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பழைய குழிமேல் செடி அசையாமல் நின்றது. அதைச் சுற்றி நாற்காலி போட்டு அரண் கட்டியிருந்தான் எலியோடோரோ.

வாளி வந்தபோது ஸொராய்தா தன் எலும்பைப் போட்டாள். பக்கத்தில் மகன் தட்டிலிருந்ததையும் எடுத்துப் போட்டாள்.

"இந்தக் குழிலயும் செடி வைப்ப, இல்ல?"

"வைப்பேன்."

"அது காய்க்க ஒரு வருஷம்."

"ஆகும்."

"அதுவரைக்கும் வண்டி?"

ஃபோர்துனாத்தா அடுத்த தட்டுக்கு நகர்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆட்டோ எடுக்கப் போனாள். ஸொராய்தா சந்தைப் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கை வழியாக ஏறிப் பின்பக்கமாக இறங்கித் தன் வீட்டைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"ஏறினது ஏறிட்ட, உக்காரு கொமாத்ரே," என்றாள் ஃபோர்துனாத்தா. "சந்தைலயே இறக்கி விடறேன்."